ஏஜன்ட் கருவியைப் பிழையாகப் பாவிக்கிறதா? அறிகுறி பார்த்து ஆவணத்தைத் திருத்தும் வழிமுறை

திருகோணமலைப் பக்கம், நிலாவெளியில் ஒரு சிறு விடுதி என்று வைத்துக்கொள்வோம். அறைப் பதிவு, புறாத்தீவுக்கு வள்ளம், விடியக்காலைத் திமிங்கிலப் பயணம் மூன்றையும் ஒரே மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளுக்கு ஒரு ஏஐ ஏஜன்ட் பதில் சொல்கிறது. தேவைப்படும்போது அந்த மென்பொருளின் கருவிகளை, அதாவது இடம் தேட, பதிவு செய்ய என்று அதற்குத் திறந்துவிட்ட செயல்களை, அழைக்கிறது. நீங்களே கேள்வி கேட்டுச் சோதித்தபோது எல்லாம் ஓடியது. உண்மையான விருந்தினர்கள் கேட்கத் தொடங்கியதும் ஒவ்வொன்றாகப் பிசகுகிறது. இப்படியான நேரத்தில் "மொடலை மாற்று", அதாவது ஏஜன்டுக்குள் இருக்கும் ஏஐயை மாற்று, என்பவர்கள்தான் அதிகம். நான் கருவியின் விளக்கத்தை, அதாவது ஏஜன்டுக்காக எழுதிய ஆவணத்தை, முதலில் வாசிக்கச் சொல்வேன்.

ஏஜன்டுக்கு உங்கள் நிரல் தெரியாது. அது காண்பது கருவியின் பெயர், அதன் விளக்கம், உள்ளீடுகளின் ஸ்கீமா (என்னென்ன உள்ளீடு, எந்த வடிவில் என்ற வரையறை), அழைத்த பிறகு திரும்பி வரும் விடை, இவ்வளவுதான். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி (ஏஜன்டையும் கருவிகளையும் இணைக்கும் பொது நெறிமுறை) வழியாகக் கொடுத்தாலும், நேரே மொடலின் ஏபிஐக்கு (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வாசல்) அனுப்பினாலும் நிலைமை ஒன்றே. ஆகவே எந்த அறிகுறி என்றாலும், மொடலுக்கு உண்மையில் அனுப்பப்பட்டதை லொக்கில் (மென்பொருள் தன் நடவடிக்கைகளை எழுதி வைக்கும் பதிவேடு) இருந்து எடுத்து முழுதாக வாசியுங்கள். நிரலில் நீங்கள் எழுதிய குறிப்புரையில் இருந்து சில நிரல் நூலகங்கள் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) விளக்கத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும். அதில் எது போய்ச் சேர்ந்தது, எது வழியில் விடுபட்டது என்பது அங்கேதான் தெரியும்.

இன்னொன்று. வாசிக்க வசதியாக இங்கே கருவிப் பெயர்களைத் தமிழில் எழுதுகிறேன். உங்கள் நிரலில் அப்படி வைக்க வேண்டாம். பல தளங்கள் கருவிப் பெயரில் ஆங்கில எழுத்து, இலக்கம், அடிக்கோடு, சிறுகோடு தவிர வேறெதையும் ஏற்காது. விளக்கத்தை எந்த மொழியில் எழுதினாலும் பிரச்சினை இல்லை.

அறிகுறி: கருவி இருக்கிறது, அழைக்காமல் தன் பாட்டில் பதில் சொல்கிறது

"நாளைக்கு புறாத்தீவுக்குப் போக வள்ளம் இருக்குதா அண்ணை?" என்று ஒருவர் கேட்கிறார். "மே முதல் செப்டம்பர் வரை இந்தப் பக்கக் கடல் அமைதியாக இருக்கும், தாராளமாகப் போகலாம்" என்று ஏஜன்ட் சொல்கிறது. பொதுவாகச் சரியான தகவல்தான். கேட்டதற்குப் பதில் அது இல்லை.

அந்த உரையாடலில் கருவிப் பட்டியல் மொடலுக்குப் போனதா என்று பாருங்கள். போயிருந்தால் விளக்கத்துக்கு வாருங்கள். "வள்ளப் பயணத் தகவல்களைத் தரும்" என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். கருவி என்ன செய்யும் என்று அது சொல்கிறது. எப்போது அழைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பருவகாலம் பற்றி மொடலுக்கு ஏற்கெனவே தெரியும், அதனால் அழைக்கத் தேவையில்லை என்று அது முடிவெடுத்துவிடுகிறது.

இப்படி மாற்றலாம்: "குறிப்பிட்ட ஒரு நாளில் புறாத்தீவுக்கோ திமிங்கிலம் பார்க்கவோ வள்ளத்தில் இடம் உண்டா, விலை எவ்வளவு என்று கேட்டால் அழைக்கவும். பருவகாலம் தெரிந்திருந்தாலும் அழைக்கவும்; கடல் நிலையால் அன்றைய பயணம் நிறுத்தப்பட்டிருக்கலாம். பார்க்க மட்டும், பதிவு செய்யாது." கடைசி வாக்கியம் முக்கியம். அது இல்லாவிட்டால், இதை அழைத்ததுமே பதிவு முடிந்தது என்று நினைக்கும் மொடல்களும் உண்டு.

விளக்கத்தில் "கட்டாயம்", "எப்போதும்", "எக்காரணம் கொண்டும்" என்று அடுக்கி எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அப்படி எழுதினால் "வணக்கம்" என்றதற்கும் வள்ளம் தேடப் போகும்.

அறிகுறி: இரண்டு கருவிகளில் தவறானதை எடுக்கிறது

அறை_தேடு, அறை_நிலை, அறை_விவரம். மூன்றுக்கும் விளக்கம் கிட்டத்தட்ட ஒன்று. எழுதியவருக்கு வித்தியாசம் தெரியும். ஒவ்வொன்றும் தரவுத்தளத்தில் ஒவ்வோர் அட்டவணையைப் பார்க்கிறது. வெளியில் இருந்து பார்ப்பவருக்கு அது எப்படித் தெரியும்? அந்த மூன்று விளக்கங்களையும் திட்டத்தில் இல்லாத ஒரு தம்பியிடமோ தங்கச்சியிடமோ கொடுத்து, "கடல் பக்கம் பார்த்த அறை வெள்ளிக்கிழமைக்கு இருக்கா" என்ற கேள்விக்கு எதை அழைப்பாய் என்று கேளுங்கள். அவர் தயங்கினால் ஏஜன்டும் தயங்கும்.

பெரும்பாலும் சரியான தீர்வு கருவிகளை இணைப்பதுதான். ஏபிஐயில் இருக்கும் ஒவ்வொரு முகவரிக்கும் ஒவ்வொரு கருவி என்று மொழிபெயர்ப்பது டெவலப்பருக்குச் சுகம், ஏஜன்டுக்குத் தலையிடி. விருந்தினர் செய்ய விரும்பும் வேலைக்கு ஒரு கருவி என்று வையுங்கள். இணைக்கவே முடியாவிட்டால் எல்லையை இரண்டு பக்கமும் எழுதுங்கள்: இதில் "விலை தேவை என்றால் அறை_விவரம்", அதில் "காலியா என்று பார்க்க அறை_தேடு". ஒன்றில் மட்டும் எழுதினால், மற்றதை முதலில் பிடித்துக்கொண்ட மொடல் இந்தக் குறிப்பைப் பொருட்படுத்தாது.

ஒன்றுக்கு மேற்பட்ட எம்சிபி சேர்வர்களை இணைத்திருந்தால் பெயர்களையும் பாருங்கள். இரண்டிலும் "தேடு" என்று ஒரு கருவி இருந்தால் குழப்பம் நிச்சயம். விடுதி_தேடு, வள்ளம்_தேடு என்று முன்னொட்டு போட்டால் முடிந்தது.

அறிகுறி: சரியான கருவி, பிழையான உள்ளீடு

அதிக நேரம் போவது இங்கேதான்.

திகதியில் தொடங்குவோம். 05/06 என்று எழுதினால் நமக்கு ஜூன் 5. அமெரிக்கப் பழக்கத்தில் மே 6. இரண்டுமே கடல் ஓடும் காலம், இரண்டு நாளும் வள்ளம் இருக்கும். அதனால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஆள் வந்து கடற்கரையில் நிற்கும்போதுதான் தெரியவரும். ஸ்கீமாவில் "திகதி" என்று மட்டும் விடாமல், "ஆண்டு-மாதம்-நாள் வரிசையில், உதாரணம் 2026-06-05" என்று எழுதுங்கள். வடிவத்தை வர்ணிக்க எத்தனை வசனம் எழுதினாலும் ஓர் உதாரணம் செய்கிற வேலையை அவை செய்யாது.

அடுத்தது "இன்றைக்கு", "நாளைக்கு". இன்று என்ன திகதி என்று மொடலுக்குத் தானாகத் தெரியாது. உரையாடலுக்கு முன் மொடலுக்குக் கொடுக்கும் அறிவுறுத்தலான சிஸ்டம் ப்ரொம்ட்டில் கொடுக்க வேண்டும், அல்லது கேட்டறிய ஒரு கருவி வேண்டும். பகல் முழுக்கச் சரியாக வேலை செய்து விடியப்புறத்தில் மட்டும் ஒரு நாள் பிசகினால் காரணத்தைத் தேடி அலைய வேண்டாம். சேர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. இலங்கை அதற்கு 5 மணி 30 நிமிடம் முன்னே இருக்கிறது. ஆகவே நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை சேர்வருக்கு இன்னும் நேற்றுத்தான். திமிங்கிலம் பார்க்கப் போகிறவர்கள் கேள்வி கேட்பதும் அந்த நேரத்தில்தான்: எழும்பி, பல் துலக்கிக்கொண்டே, "விடிய ஆறு மணி வள்ளம் போகுதா?" திகதியைக் கணிக்கும் இடத்தில் ஆசியா/கொழும்பு என்ற வலயப் பெயரைக் கொடுங்கள்; விளக்கத்திலும் "எல்லா நேரமும் இலங்கை நேரம்" என்று ஒரு வரி எழுதுங்கள். +5.30 என்று எண்ணை நேரே நிரலில் போடாதீர்கள். 1996 இல் நம் கடிகாரத்தை முன்னே தள்ளி, 2006 ஏப்ரலில்தான் திரும்ப 5.30க்குக் கொண்டுவந்தார்கள். பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும்போது அந்தப் பத்தாண்டு கணக்கைக் குழப்பும்; வலயப் பெயர் அதைத் தானே கவனித்துக்கொள்ளும்.

இடப்பெயர். திருமலை, திருகோணமலை, திருக்கோணமலை, ட்ரிங்கோ எல்லாம் ஒரே ஊர். மூதூரை ஆங்கிலத்தில் ஒற்றை டி போட்டும் இரட்டை டி போட்டும் டிஎச் போட்டும் எழுதுகிறார்கள். "ஏற்றும் இடம்" என்று திறந்த சரமாக (எந்த எழுத்தையும் ஏற்கும் வகையாக) விட்டால் ஏஜன்ட் விருந்தினர் எழுதியதை அப்படியே அனுப்பும், தரவுத்தளம் "இல்லை" என்னும். வள்ளமும் வாகனமும் ஆட்களை ஏற்றும் இடங்கள் நாலைந்துதான் என்றால் அவற்றை அனுமதித்த மதிப்புகளின் பட்டியலாக ஸ்கீமாவிலேயே கட்டிவிடுங்கள்: நிலாவெளி, உப்புவெளி, நகரம், சீனக்குடா. எந்த எழுத்துக்கூட்டலில் வந்தாலும் அந்த நாலில் ஒன்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை மொடல் நன்றாகவே செய்யும். பட்டியலில் இல்லாத இடம் கேட்டால் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் கிண்ணியாவில் நிற்பவரைச் சீனக்குடாவில் ஏற்றுவதாகச் சொல்லிவிடும்.

தொலைபேசி எண்ணையும் அடையாள அட்டை எண்ணையும் எண் வகையாக வைக்காதீர்கள். திருகோணமலைத் தரைவழி எண் 026 இல் தொடங்கும்; எண்ணாகப் போனால் முன்னால் உள்ள பூச்சியம் பறந்துவிடும். அடையாள அட்டையில் பழையது 9 இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும். 2016 முதல் வருவது 12 இலக்கம். ஸ்கீமாவில் 12 இலக்கம் மட்டும்தான் என்று கட்டியிருந்தால், பழைய அட்டைக்காரர் வரும்போது ஏஜன்ட் எண்ணை "சரிசெய்து" 12 ஆக்கி அனுப்பிப் பார்க்கும். கட்டுப்பாட்டைத் திருப்திப்படுத்துவது அதற்கு வேலை. அந்த எண் யாருடையது என்ற கவலை அதற்கு இல்லை. இரண்டு வடிவத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். "விருந்தினர் கொடுத்ததை மாற்றாமல் அனுப்பவும், கொடுக்காவிட்டால் கேட்கவும், ஊகிக்க வேண்டாம்" என்று எழுதுங்கள். வெளிநாட்டவருக்குக் கடவுச்சீட்டு எண், அது வேறு புலம் (தனி உள்ளீட்டுக் கட்டம்).

பயணக் குறியீடும் அதே வகை. "பயண_குறியீடு: சரம்" என்று மட்டும் இருந்தால் பார்வைக்குப் பொருத்தமான ஒன்றை மொடல் தானே உருவாக்கி அனுப்பும். "இது வள்ளம்_தேடு தரும் விடையில் மட்டுமே கிடைக்கும்" என்று ஒரு வரி சேர்த்தாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

பணம்: மென்பொருள் சதத்தில் வைத்திருந்து "விலை: 650000" என்று அனுப்பினால், 6,500 ரூபாப் பயணத்துக்கு ஆறரை இலட்சம் என்று ஏஜன்ட் கூசாமல் சொல்லும். புலத்தின் பெயரையே விலை_ரூபா என்று வையுங்கள். அந்த விலைக்குள் என்ன அடங்கும் என்பதும் விடையில் வர வேண்டும். புறாத்தீவு தேசியப் பூங்கா. வள்ளக் கூலி வேறு, நுழைவுச்சீட்டு வேறு, அதிலும் உள்ளூரவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் ஒன்றல்ல. "நுழைவுச்சீட்டு சேராது" என்று கருவி சொல்லாவிட்டால் எல்லாம் சேர்த்துத்தான் என்று ஏஜன்ட் உறுதி கொடுத்துவிடும். துறைமுகத்தில் சண்டை பிடிக்கப்போவது வள்ளக்கார அண்ணை.

அறிகுறி: விடை வெறுமையாக வந்தால் கதை கட்டுகிறது

டிசம்பர். வாடைக் காற்று, கொந்தளிக்கும் கடல், வள்ளங்கள் கரையில் ஏற்றிக் கிடக்கின்றன. கருவி வெற்றுப் பட்டியலைத் திருப்பி அனுப்புகிறது. ஏஜன்ட் சொல்கிறது: "மன்னிக்கவும், எல்லா இடமும் நிரம்பிவிட்டது. நாளைக்கு முயன்று பாருங்கள்." விருந்தினர் ஒவ்வொரு நாளும் கேட்கிறார், ஒவ்வொரு நாளும் "நிரம்பிவிட்டது".

மொடலைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. வெற்றுப் பட்டியலுக்கு நிரம்பிவிட்டது, பருவம் இல்லை, திகதி கடந்துவிட்டது, தேடலில் பிழை என்று பல அர்த்தம் இருக்கலாம். அதற்குக் கிடைத்தது இரண்டு அடைப்புக்குறி மட்டும். விடையில் காரணத்தைச் சொல்லுங்கள்: "பயணங்கள் இல்லை. காரணம்: பருவகாலம் மூடப்பட்டுள்ளது. அடுத்து திறக்கும் மாதம்: மே." கருவி திருப்பி அனுப்பும் விடையும் ஆவணம்தான். விளக்கத்தில் நூறு வரி எழுதுவதை விட, தேவைப்படும் நேரத்தில் விடையில் வரும் ஒரு வரி கூடுதலாக வேலை செய்யும்.

அறிகுறி: ஒரே அழைப்பைத் திரும்பத் திரும்பச் செய்கிறது, அல்லது இரண்டு பதிவு விழுகிறது

இரண்டும் ஒரே வேரில் இருந்து வருகின்றன: முதல் அழைப்புக்கு என்ன நடந்தது என்று ஏஜன்டுக்குத் தெரியவில்லை. லொக்கில் பார்த்தால் "செல்லாத கோரிக்கை" என்றோ வெறும் 500 (சேர்வரில் ஏதோ பிழை என்பதற்கான குறியீடு) என்றோ பிழைச் செய்தி இருக்கும். அதை வைத்து ஒரு மனிதராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஏஜன்ட் அதையே இன்னொரு தரம் அனுப்பிப் பார்க்கிறது.

பிழைச் செய்தியில் எந்தப் புலத்தில் என்ன பிழை, எது ஏற்கப்படும், திரும்ப முயல்வதில் பயன் உண்டா என்பதெல்லாம் வர வேண்டும். "ஆட்கள்: 14 ஏற்கப்படாது. ஒரு வள்ளத்துக்கு அதிகபட்சம் 10. இரண்டு பதிவாகப் பிரிக்கலாமா என்று விருந்தினரிடம் கேட்கவும்." இதை வாசித்த மொடல் அடுத்த அடியைச் சரியாக வைக்கும். எம்சிபியில், கருவி ஓடும்போது வரும் பிழையை விடைக்குள்ளேயே பிழைக் கொடியோடு அனுப்பும் வசதி உண்டு. மொடல் அதை வாசித்துத் திருத்திக்கொள்ளட்டும் என்பதற்காகவே அது. இல்லாத கருவியை அழைத்தது போன்ற நெறிமுறைப் பிழைகள் வேறு வழியில் போகும். உங்கள் பிழைகள் எல்லாம் அந்த இரண்டாவது வழியில் போய்க்கொண்டிருந்தால், மொடலின் கண்ணில் படாமலே போகலாம்.

இரட்டைப் பதிவு இன்னும் வில்லங்கம். பதிவு_செய் ஓடியது, பதிவும் விழுந்தது, விடை வரும் வழியில் இணைப்பு அறுந்தது. ஏஜன்ட் "சரி, போகவில்லை போல" என்று இன்னொரு தரம் அனுப்பும். இதை ஆவணத்தால் மட்டும் தீர்க்க முடியாது. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தனித்துவச் சாவியை உள்ளீடாகக் கேட்டு, அதே சாவி மீண்டும் வந்தால் புதுப் பதிவு போடாமல் பழையதையே திருப்பி அனுப்பும்படி நிரலை மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு விளக்கத்தில் எழுதுங்கள்: "விடை வராவிட்டால் அதே சாவியோடு திரும்ப அழைக்கலாம், இரட்டிக்காது." நிரல் அப்படி இல்லாதபோது இந்த வரியை எழுதாதீர்கள். ஏஜன்ட் நம்பிவிடும்.

பார்க்க மட்டும், அழிக்கக்கூடியது, திரும்ப அழைத்தாலும் விளைவு மாறாது என்று குறிக்க எம்சிபியில் அடையாளங்கள் உண்டு. போட்டு வையுங்கள். ஆனால் அவை வெறும் குறிப்புகள், பூட்டு அல்ல. பதிவை இரத்து செய்யும் கருவிக்கு மனித ஒப்புதல் வேண்டுமென்றால் அதை நிரலிலேயே தடுங்கள்.

அறிகுறி: முடியாததை முடிந்தது என்கிறது

பதிவு_செய் திருப்பி அனுப்புவது "சரி". விடுதிக்காரர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் பதிவு உறுதியாகும் என்பது அந்தச் சொல்லில் இல்லை. "நிலை: விடுதியின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது. இன்னும் உறுதியாகவில்லை. பதிவு_நிலை கருவியால் பார்க்கலாம்" என்று அனுப்புங்கள். வேறொன்றும் வேண்டாம்.

அறிகுறி: நன்றாகத் தொடங்கி, நடுவில் குழம்புகிறது

ஒரு அழைப்பு எவ்வளவு எழுத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று அளந்து பாருங்கள். ஆறு மாதத்துப் பயணங்கள் முழுவதும், ஒவ்வொன்றுக்கும் படங்களின் முகவரியோடு வந்து குவிந்தால், விருந்தினர் முதலில் சொன்னது அந்தக் குவியலில் அமிழ்ந்துபோகும். தேவையான புலங்களை மட்டும் அனுப்புங்கள். பட்டியலை வெட்டினால் வெட்டியதைச் சொல்லுங்கள்: "83 இல் முதல் 10 மட்டும், திகதி வரம்பு கொடுத்தால் சுருங்கும்." சொல்லாமல் வெட்டினால், மீதி உலகத்திலேயே இல்லை என்று மொடல் எடுத்துக்கொள்ளும்.

அறிகுறி: கொமாண்ட் கொடுத்துவிட்டு அப்படியே நிற்கிறது

இது விருந்தினர் பக்கம் அல்ல, அந்த மென்பொருளையே பராமரிக்க நீங்கள் வைத்திருக்கும் நிரல் எழுதும் ஏஜன்ட். டேட்டாபேஸ் நகர்த்தும் கொமாண்ட் "தொடரவா? ஆம்/இல்லை" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது, பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. கேள்வி கேட்காமல் ஓடும் தெரிவு இருந்தால் அதை முதல் உதாரணமாகவே எழுதுங்கள். இல்லையென்றால் உருவாக்குங்கள். வெற்றி பெற்றால் வெளியேறும் குறியீடு (கொமாண்ட் முடிந்ததும் திருப்பி அனுப்பும் எண்) 0, தோற்றால் வேறு என்பது உண்மையில் அப்படித்தான் நடக்கிறதா என்றும் பாருங்கள். தோற்ற பிறகும் 0 திருப்பி அனுப்பும் ஸ்கிரிப்டுகள் ஏராளம்.

இவற்றை வைக்க இடம் ஏஜென்ட்ஸ்.எம்டி என்ற கோப்பு. திட்டத்தின் மூலக் கோப்புறையில் வைத்தால் நிரல் எழுதும் ஏஜன்டுகள் பல அதை வாசிக்கும். அதில் திட்டத்தின் வரலாறு வேண்டாம். நிறுவுவது, சோதனை ஓட்டுவது, தொடக்கூடாத கோப்புறைகள்: ஒட்டினால் ஓடும் கொமாண்டுகளாக. ரீட்மீயில் (மனிதர்களுக்கான அறிமுகக் கோப்பு) இருப்பது வேறு, இதில் இருப்பது வேறு என்றால் ஏஜன்ட் இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும், எது என்று உங்களால் சொல்ல முடியாது. திரைப்பிடிப்புப் படத்தில் மட்டும் இருக்கும் வழிமுறையை எழுத்திலும் போடுங்கள்.

திருத்தியது பலித்ததா என்று பார்ப்பது

ஒரு முறை கேட்டு, சரியான பதில் வந்ததும் மூடிவிடாதீர்கள். அதே கேள்விக்கு மொடல் அடுத்த முறை வேறு வழியில் போகலாம். வாட்ஸ்அப்பில் உண்மையில் வந்த கேள்விகளில் பெயர், எண்களை நீக்கி இருபது முப்பதை ஒரு கோப்பில் சேருங்கள்: தமிழில் வந்தவை, ஆங்கில எழுத்தில் தமிழாக வந்தவை, சிங்களத்தில் வந்தவை, எழுத்துப்பிழையோடு வந்தவை, விடியப்புறத்தில் வந்தவை. ஒவ்வொன்றுக்கும் எந்தக் கருவி எந்த உள்ளீட்டோடு அழைக்கப்பட வேண்டும் என்று பக்கத்தில் எழுதுங்கள். கருவியே தேவைப்படாத கேள்விகளும் நாலைந்து கலந்திருக்க வேண்டும். "கன்னியா வெந்நீரூற்றில் எத்தனை கிணறு?" என்று கேட்டால் ஏழு என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும், வள்ளம் தேடக் கூடாது.

பிறகு ஒரு நேரத்தில் ஒரு விளக்கத்தை மட்டும் மாற்றி, ஒவ்வொரு கேள்வியையும் பல முறை ஓட்டுங்கள். வள்ளம்_தேடு விளக்கத்தைத் திருத்தியதால் அறை_தேடு கெட்டுப்போவது சர்வசாதாரணம். மொடல் எல்லா விளக்கத்தையும் ஒன்றாகத்தான் வாசிக்கிறது. மொடலின் பதிப்பு மாறும்போதும் அதே கோப்பை ஓட்டுங்கள். விளக்கங்களை நிரலோடு கிட்டில் (மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் மென்பொருள்) வைத்தால், எந்த வரியை மாற்றிய நாளில் இருந்து எது பிசகியது என்று தேடிப் பிடிப்பது சுலபம்.